டிசம்பரில் பாரிஸ், ஸ்திராஸ்பூர்: முதல் முறையாகப் போகிறோம், வழி சொல்லுங்கள்

முத்தியால்பேட்டைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 19க்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் பிரான்சுக்குக் கிளம்புகிறோம். ஜனவரி முதல் வாரம் வரை அங்கேதான். நாத்தனாரைப் பிரெஞ்சு கார்டு (பிரெஞ்சுக் குடியுரிமை) உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்தது. அவர்கள் பாரிஸ் புறநகரான சார்செல்லில் இருக்கிறார்கள். தங்குவது, சாப்பாடு எல்லாம் அங்கே. ஊர் சுற்றுவது மட்டும் எங்கள் பாடு, ஏனென்றால் அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

இங்கே புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். ஒரே வாரத்தில் ஐந்து நாடு காட்டுகிறோம் என்றார்கள். எனக்கு அப்படி ஓட விருப்பமில்லை. இத்தனை வருஷம் போன் பேச்சிலேயே கேட்டுக்கொண்டிருந்த ஊர், அதை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும். பாரிஸ், வெர்சாய் அரண்மனை, ஸ்திராஸ்பூரின் கிறிஸ்துமஸ் சந்தை, அவ்வளவுதான் என் ஆசை.

இரண்டு கவலை. இவருக்கு மூட்டு வலி, படி ஏறி இறங்கினால் மறுநாள் படுத்துவிடுவார். மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்கிறவர், அந்தக் குளிரைத் தாங்குவாரா? இன்னொன்று, கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லாம் மூடிக்கிடக்கும் என்கிறார்களே, அது உண்மையா?


குருசுக்குப்பத்து வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, ஐந்து நாட்டை வேண்டாம் என்றீர்களே, அது நல்ல முடிவு. நானும் என் மனைவியும் மகன் வீட்டுக்குப் போவது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கூட்டம் குறைவு, அந்த ஊர் தன் இயல்பில் இருக்கும்.

குளிருக்குத் துணி இருக்கிறது. அங்கே டிசம்பரில் தட்டுப்பாடு வெளிச்சத்துக்குத்தான். அந்த வாரங்களில் சூரியன் வருவதற்கே காலை எட்டே முக்கால் ஆகிவிடும். மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். நடுவில் கிடைப்பது எட்டு மணி நேரம், அதிலும் பல நாள் மேகம். ஆகவே காலை எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பாருங்கள். வெயில் இருந்தால் ஒரு திட்டம், இல்லாவிட்டால் வேறு திட்டம். அருங்காட்சியகங்களை இருட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். லூவர் புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை, ஓர்சே வியாழனன்று ஒன்பதே முக்கால் வரை திறந்திருக்கும். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்கும் வெர்சாய்க்கும் திங்கள் விடுமுறை. பகல் வெளிச்சத்தை லூவருக்குள் செலவழிக்காதீர்கள், அதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

வெயில் அடிக்கிற முதல் நாளே சேந்த் ஷப்பேலுக்கு ஓடுங்கள். ஒன்பதாம் லூயி மன்னர் இயேசுவின் முள்முடியை வைப்பதற்காகக் கட்டிய சிற்றாலயம், 1248இல் அபிஷேகம் செய்யப்பட்டது. மேல் தளத்தில் சுவர் என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது, பதினைந்து கண்ணாடி ஜன்னல்கள்தான் சுவர். வேதாகமக் காட்சிகள் மட்டும் ஆயிரத்து நூற்றுக்கு மேல். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்தே போவதால், நண்பகலில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுகிறது. என் மனைவியின் வெள்ளை சால்வையில் நீலமும் சிவப்பும் விழுந்து, அவள் அசையும்போதெல்லாம் நிறம் இடம் மாறியது. நம் ஊர் திரு இருதய ஆண்டவர் கோயில் ஜன்னல்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், ஆனாலும் பேச்சு வரவில்லை. மேலே போகக் குறுகலான சுழற்படி இருக்கிறது. ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறட்டும். அன்றைக்கு வேறு படி வேண்டாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் நோத்ரு தாம் பேராலயம். 2019 ஏப்ரல் தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தார்கள். புகையும் தூசியும் போய்க் கல் இப்போது வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. யாராவது டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொரு இடம், சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகாதது: கிமே அருங்காட்சியகம். ஏனா மெத்ரோ நிலையத்துக்கு எதிரிலேயே, செவ்வாய் விடுமுறை. ஆசியக் கலைக்கென்றே இருக்கும் இடம். அங்கே சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். சிதம்பரம் நமக்குப் பக்கத்து ஊர், எத்தனையோ முறை தரிசித்திருப்பீர்கள். கோயிலில் அலங்காரத்தோடுதானே பார்க்கிறோம்? இங்கே வெண்கலம் மட்டும், ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கலாம். நாங்கள் போன அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தூக்கிய பாதத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் முழங்காலின் வளைவு சரியாக வரவில்லை என்று அழித்து அழித்து வரைந்தான். அந்த வாண்டுக்கு இருந்த கவனத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

மூட்டு வலிக்கு ஒரு யோசனை. மெத்ரோவின் 6ஆம் தடம் கிட்டத்தட்டப் பாதி தூரம் தரைக்கு மேலே ஓடுகிறது. பாஸியில் ஏறி உட்காருங்கள். அடுத்த நிலையம் பீர் ஹக்கீம், நடுவில் ரயில் சேன் நதிப் பாலத்தைக் கடக்கும்போது ஈபிள் கோபுரம் முழு உயரத்துக்கு நிற்கும். சூடான பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அதற்கும் அடுத்த நிலையத்தின் பெயரைப் பாருங்கள், டூப்ளே! நம் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே பழைய பிரெஞ்சு கவர்னர், அவரேதான். இருட்டிய பிறகு மணிக்கு ஒருமுறை கோபுரம் ஐந்து நிமிடம் மின்னும், அந்த நேரம் பார்த்துப் போங்கள்.

ஸ்திராஸ்பூருக்கு டிசம்பர் 24க்கு முன்பே போய் வந்துவிடுங்கள். அங்கே 25 மட்டுமல்ல, 26ஆம் தேதியும் விடுமுறை, அது அல்சாஸ், மொசேல் பகுதிகளுக்கே உரிய வழக்கம். பாரிஸின் கார் து லெஸ்த் நிலையத்திலிருந்து தெஜெவே எனும் அதிவேக ரயில் ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். டிக்கெட்டை இப்போதே எடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போகும். காலை ரயிலில் போய் முதலில் பேராலயத்தில் வானியல் கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டரைக்கு அப்போஸ்தலர் பன்னிருவரும் வரிசையாக இயேசு முன் வணங்கிப் போவார்கள், மேலே சேவல் சிறகடித்து மூன்று முறை கூவும். அதற்குத் தனி டிக்கெட் உண்டு. சந்தை 1570இலிருந்து நடப்பது. விளக்கு ஏற்றிய பிறகுதான் அதற்கு அழகு, ஆகவே திரும்பும் ரயிலை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மது வேண்டாதவர்களுக்குச் சூடான ஆப்பிள் சாறு கிடைக்கும், பட்டை லவங்கம் போட்டு. கோப்பையைக் கையில் பிடித்தாலே பாதிக் குளிர் போய்விடும்.

துணி: உடம்போடு ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையை வைத்துக்கொண்டு பிறகு ஜில்லென்று ஆகிவிடும். தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றைத் தடுக்கும் கோட்டு. புடவை கட்டுவதானால் உள்ளே தெர்மல் கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், என் மனைவி அப்படித்தான். காலுக்கு வழுக்காத ஷூ. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.


காரைக்கால் பொண்ணு எழுதியது:

அக்கா, நான் இங்கே பாரிஸ் புறநகரில்தான் இருக்கிறேன். வாத்தியார் சார் சொன்னதில் விட்டுப்போனது மட்டும்.

விசாவுக்கு உங்கள் நாத்தனார் அவர்கள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகம்) போய் வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதற்கு அது கட்டாயம். அசல் காகிதம் உங்கள் கைக்கு வர வேண்டும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது. இங்கே வாங்குவதற்கே வாரக்கணக்கில் ஆகும், அதனால் இன்றைக்கே போன் போடுங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

போக்குவரத்துக்கு நவிகோ வார அட்டை. சார்செல், வெர்சாய், விமான நிலையம் எல்லாம் அதிலேயே அடக்கம், ஸ்திராஸ்பூர் மட்டும் கிடையாது. ஆனால் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் கணக்கு, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. அதற்கு ஒரு சின்னப் புகைப்படமும் தேவை, ஊரிலேயே எடுத்து வந்துவிடுங்கள்.

வெர்சாயில் ஒன்று தெரிந்து வாருங்கள். குளிர்காலத்தில் நீரூற்றுகள் ஓடாது, தோட்டத்துச் சிலைகளுக்கு உறை போட்டு மூடியிருப்பார்கள். அதற்குப் பதில் தோட்டம் இலவசம். கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள், தோட்டப்பக்க ஜன்னல்களுக்கு நேர் எதிரே. மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் வெளிச்சம் நன்றாக விழும்.

சக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் நூல் கட்டிக் காசு பறிக்க வருவார்கள், கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிடுங்கள். ரயிலில் கைப்பை எப்போதும் முன்பக்கம் இருக்கட்டும்.


முத்தியால்பேட்டைக்காரி எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நாத்தனாருக்கு இப்போதுதான் பேசினேன், திங்கட்கிழமையே மேரிக்குப் போகிறார்களாம். நடராஜரைப் பற்றி வாசித்துவிட்டு இவரே "முதலில் அங்கே போவோம்" என்கிறார்!

மெத்ரோவில் லிப்ட் கிடையாதா? அப்புறம் 25ஆம் தேதி என்ன செய்வது, வீட்டிலேயே இருந்துவிடலாமா?


குருசுக்குப்பத்து வாத்தியார் எழுதியது:

மெத்ரோ பழைய காலத்தது தங்கச்சி, 14ஆம் தடத்தில் எல்லா நிலையத்திலும் லிப்ட் உண்டு, மற்றவற்றில் பெரும்பாலும் படிதான். அதனால் பஸ் பிடியுங்கள். பஸ்ஸில் ஏற இறங்கச் சிரமம் இல்லை, தாழ்வான தளம். சார்செல்லிலிருந்து எர்இஎர் டி (RER D) புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையம் வந்து, அங்கே 38ஆம் எண் ஏறினால் சேந்த் ஷப்பேல் பக்கத்திலேயே இறங்கலாம். 69ஆம் எண் ஈபிள் கோபுரத்துப் பக்கமிருந்து லூவர் வழியாக பஸ்தீய் வரை போகும், ஜன்னல் ஓரம் இடம் பிடித்தால் பாதி நகரம் பார்த்தாகிவிடும். லூவரில் சக்கர நாற்காலி இரவல் தருகிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

25ஆம் தேதி லூவர் மூடியிருக்கும், ஜனவரி 1ஆம் தேதியும் அப்படியே. ஈபிள் கோபுரத்துக்கு விடுமுறையே இல்லை. அன்று பகலில் தமிழர் கடைகள் நிறைந்த லாசப்பல் பகுதிக்குப் போங்கள், கார் து நோருக்குப் பக்கம்தான். அங்குள்ள கோயிலில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, ஈழத்துக்காரர் கடை ஏதாவது திறந்திருந்தால் தோசை சாப்பிட்டுக்கொள்ளுங்கள். கோபுரத்துக்கு இரண்டாம் தளம் வரை லிப்ட் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், மாலை நாலு மணிக்கு. மேலே நிற்கும்போதே இருட்டிவிடும், ஊரை இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டு இறங்கலாம்.