இரவு 2 மணி அழைப்பு

அக்கா: நேற்று இரவும் 2 மணிக்கு அலுவலக போன் அடித்தது. திரையில் வெறும் 100. எடுத்தால் பேச்சே இல்லை.

சித்தப்பா: யாரோ விளையாடுகிறார்கள். அந்த எண்ணை பிளாக் செய்.

நான்: நாளை 1001 என்று வரும் சித்தப்பா. அது போலி எண். நம் அலுவலக போன்கள் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் வழியாக இணையத்தில் ஓடுகின்றன. அத்தகைய அழைப்புகள் நுழையும் வாசலான 5060 போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்களின் வேலை. தம்பி, அதன் பதிவேட்டை (லாக்) பார்த்தாயா?

தம்பி: பார்த்தேன் அண்ணா. ஒரே ஐபியிலிருந்து, அதாவது ஒரே இணைய முகவரியிலிருந்து, 1000, 1001, 1002 என்று உள் எண்களாக வரிசையாக நுழைய முயற்சி. எல்லாம் தோல்வி.

நான்: ஒன்று மாட்டினாலும் நம் லைனில் வெளிநாட்டுக்குப் பேசித் தள்ளுவான், பில் நம் தலையில். ஆஸ்டரிஸ்கில் யாரை உள்ளே விடலாம் என்று ஐபி பட்டியல் போட்டுவிடு. அலுவலகத்தின் உள் முகவரிகளான 192.168.1.0/24, அப்புறம் லைன் தரும் நிறுவனத்தின் ஐபிகள். அவ்வளவுதான்.

அக்கா: இப்போது எந்தப் போனும் வேலை செய்யவில்லை!! 😡

நான்: தம்பி, என்ன வரிசையில் எழுதினாய்?

தம்பி: மேலே பெர்மிட் (அனுமதி) வரிகள், கடைசியில் டினை (மறுப்பு) 0.0.0.0/0, அதாவது எல்லா ஐபியும். இணையத் தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் அப்படித்தானே எழுதுவோம்?

நான்: அங்கேதான் சறுக்கல். ஃபயர்வால் பெரும்பாலும் முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ஆஸ்டரிஸ்க் கடைசி வரி வரை படிக்கும், கடைசியாகப் பொருந்துவதுதான் அதற்குச் சட்டம். உள்ளே விட்டவர்களை எல்லாம் கடைசி வரியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாய். டினை வரியை மேலே ஏற்றிவிட்டு ரீலோட் செய்.

அக்கா: வந்துவிட்டது 🙏

தம்பி: ஃபயர்வாலிலும் 5060-ஐப் பூட்டட்டுமா?

நான்: பூட்டு. ஆனால் குரல் வருவது 10000 முதல் 20000 வரையுள்ள யுடிபி போர்ட்டுகளில். நிறுவனம் அதை வேறு ஐபியிலிருந்து அனுப்பலாம். அவர்களைக் கேட்காமல் கை வைத்தால் நாம் பேசுவது அங்கே கேட்கும், அவர்கள் பேசுவது இங்கே கேட்காது.

சித்தப்பா: என் வீட்டில் இருக்கும் அலுவலக போன் மட்டும் இன்னும் செத்துக் கிடக்கிறது.

நான்: உங்கள் வீட்டு ஐபி மாறிக்கொண்டே இருக்கும் சித்தப்பா. இன்றைக்குச் சேர்த்தால், ரவுட்டரை அணைத்துப் போட்டதும் வேறாகிவிடும். சாயங்காலம் விபிஎன், அதாவது அலுவலகத்துக்குள் வர ஒரு தனிப் பாதுகாப்பான வழி, போட்டுத் தருகிறேன்.

சித்தப்பா: அதுவரை எல்லோருக்கும் திறந்து வையேன்.

அக்கா: திறக்கலாம். இரவு 2 மணிக்கு நீங்கள் வந்து எடுப்பீர்களா?

சித்தப்பா: சரி சரி, விபிஎன்னே போடு.