கலைச்சொல் வேண்டும்: சகூராவின் கரடி என்ன விலங்கு?

அனைவருக்கும் வணக்கம். பண்டைய எகிப்து பற்றிய சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் நிற்கிறேன். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் மன்னர் சகூரா அபுசீரில் கட்டிய பிரமிடுக் கோயில் சுவரில், கழுத்துப் பட்டையோடு சிரியாக் கரடிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து, மூன்றாம் துத்மோசின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியத்தில் சிரியர்கள் ஒரு கரடியையும் சிறிய யானையையும் நடத்தி வருகிறார்கள். இவற்றை மூலநூல் 'எக்ஸாட்டிக்' விலங்குகள் என்கிறது, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்து வியக்க வைப்பவை. 'அயல்விலங்கு' போதுமா?

மறுமொழி 1
வேண்டாம் அம்மா. 'அயல் இனம்' என்று சூழலியலில் ஏற்கெனவே புழங்குகிறது. சீமைக் கருவேலம் மாதிரி வந்து பரவுபவைக்கு அந்தப் பெயர். கயிற்றில் கட்டிய கரடி எங்கே பரவியது?

மறுமொழி 2
கரடிக்கே நமக்கு எண்கு, உளியம் என்று பழஞ்சொற்கள் உண்டே. 'அயற்புல எண்கு' என்றால் என்ன குறை?

மறுமொழி 3
ஐயா, சங்கப் பாட்டில் எண்கு புற்றைத் தோண்டும், இருப்பைப் பூத் தின்னும். அது நம் காட்டுத் தேன்கரடி, கருநிறம். சிரியாக் கரடி வெளிர்பழுப்பு, இனமே வேறு. கரடியைக் கரடியாகவே விடுங்கள். கேள்வி அடைமொழி பற்றியது. அதிலும் 'அயல்' மட்டும் போதாது. குதிரையும் எகிப்துக்கு வெளியிலிருந்துதான் வந்தது, ஆனால் ரெக்மிரே காலத்தில் தேரில் பூட்டிப் பழகிவிட்டது. 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்று பட்டினப்பாலை சொல்லும் குதிரை புகார்க்காரருக்கும் அப்படித்தான். வியப்பு போய்விட்டால் அது வெறும் குதிரை.

மறுமொழி 4
'திறைவிலங்கு' எப்படி?

மறுமொழி 2 எழுதியவர்
எண்கை விட்டுவிடுகிறேன். திறை தோற்றவன் கட்டுவது. பரிசாகவோ வணிகத்திலோ வந்ததை அப்படிச் சொல்லலாமா? எகிப்தியர் 'இனூ' என்றார்கள். 'கொண்டுவா' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல், 'கொண்டுவரப்பட்டவை' என்று பொருள். அப்படியானால் 'கொணர்விலங்கு'! குடிநீர், சுடுசோறு போல அழகான வினைத்தொகை. (கொணர் என்பதே 'கொண்டு வா' என்பதன் மரூஉ என்று எனக்குத் தோன்றுகிறது. இதைத் தனியாக எழுதுகிறேன்.)

மறுமொழி 5
நான் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். 'கொணர்' என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. அதோடு 'விலங்கு' சேர்ந்தால் கைவிலங்கைத்தான் நினைப்பார்கள். 'தூரதேசத்து விலங்கு' என்று சொல்லுங்கள், கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

மறுமொழி 2 எழுதியவர்
தூரம், தேசம் இரண்டும் வடசொல். 'தொலைநாட்டு விலங்கு' என்றாவது எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்
நன்றி. நாலு பேர் 'தொலைநாட்டு விலங்கு' சரி என்று தனிமடலில் எழுதினார்கள். அதையே போடுகிறேன். ரெக்மிரே ஓவியத்தின் அடியில் மட்டும் 'இனூ' என்று கொடுத்துப் பொருள் விளக்குகிறேன்.

மறுமொழி 3 எழுதியவர்
சரி, அச்சுக்கு அனுப்புங்கள். ஆனால் அதே கல்லறையில் நூபியர் ஒட்டகச்சிவிங்கி கொண்டு வருகிறார்கள், அதன் கழுத்தில் ஒரு குரங்கு ஏறுகிறது. நூபியா எகிப்துக்குத் தொலைநாடா? பக்கத்து நாடு. இந்தச் சொல்லை நான் இன்னும் ஏற்கவில்லை.