சிவப்பு வைனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? வன்னி வெயிலும் 18 பாகையும்

இரணைமடுக்காரன்:
மலிவு விலையில் கிடைக்கும் நல்ல சிவப்பு வைன்களைப் பற்றி அமைதியாகப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், லாச்சப்பல் தமிழன் நேற்று எழுதிய ஒரு வசனத்தைப் பார்த்தும் பாராமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. "சிவப்பு வைனை அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டும். அதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பவர்களுக்கு வைன் எதற்கு, சோடாவே போதும்" என்று எழுதியிருக்கிறார். கச்சான் காற்று வீசும் வைகாசி மாதத்தில், கிளிநொச்சியில் தகரக் கூரை போட்ட வீட்டின் அறைக்குள் பிற்பகல் 3 மணிக்கு வெப்பமானி 34 பாகையைக் காட்டும். அவர் சொல்லும் சட்டமோ, வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி வருவதற்கு முன்னர், தடித்த கற்சுவர் கொண்ட ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது. அந்த அறைகளின் வெப்பம் 16 இலிருந்து 18 பாகை வரைதான். 34 பாகையில் ஊற்றிய வைனை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் ஏறுவது மதுசார நெடிதான். பழத்தின் வாசனை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மலிவான வைனில் வாசனை எப்போதும் மெல்லியது என்பதால் அடிபடுவதும் அதுவே முதலில். எனவே மீண்டும் சொல்கிறேன்: வன்னியில் சிவப்பு வைனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே ஆக வேண்டும். இலக்கு 18 பாகை.

லாச்சப்பல் தமிழன்:
பாரிஸில் உணவகங்களில் வேலை செய்து, வைனைத் தொழிலாகக் கற்றவர்களின் கையால் ஊற்றக் கண்டு பழகியவன் நான். எனக்கு வெப்பமானி காட்டிப் பாடம் நடத்தத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் 4 பாகையில் கிடந்த, பிரான்சின் போர்தோப் பகுதி வைனை ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். வாசனை அடங்கிப்போகும், துவர்ப்பு மட்டும் மேலெழுந்து நாக்கைப் பிடிக்கும். குளிரால் மறைக்க வேண்டிய குறை இருக்கிற வைனை வாங்கிவிட்டு, அந்தக் குறையை ஊரின் வெயில்மேல் சுமத்துகிறீர்கள். நல்ல வைனை வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிய பேச்சே வராது.

இரணைமடுக்காரன்:
நான் 4 பாகை என்று எங்கே எழுதினேன்? 18 என்று எழுதினேன். 4 பாகையில் துவர்ப்பு முறுகும் என்பது எனக்கும் தெரியும். அதற்காக 34 பாகையில் குடிக்க வேண்டும் என்று எந்தப் போர்தோக்காரரும் சொல்லவில்லை. உங்கள் பிரான்சு நாட்டிலேயே, கமே திராட்சையில் செய்யும் போஜொலே வைனை 12 இலிருந்து 14 பாகை வரை குளிரவைத்துப் பரிமாறுகிறார்கள். அதன் புதுவைன் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை கடைக்கு வருகிறதே, அதைக் குடிப்பவர்களும் சோடா குடிக்க வேண்டியவர்கள்தானா?

இன்னொன்று. ஐரோப்பியர் எழுதும் வழிகாட்டிகளில் "அரை மணிநேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்" என்று இருப்பதை அப்படியே நம்பி ஏமாறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த அரை மணிநேரக் கணக்கு 22 பாகையில் இருக்கும் போத்தலுக்கு உரியது. நம்முடைய போத்தல் 32, 34 பாகையில் தொடங்குகிறது. 18 ஐ எட்ட ஏறத்தாழ 2 மணிநேரம் வேண்டும். அவசரம் என்றால் ஒரு வாளியில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் கலந்து, போத்தலின் கழுத்துவரை அமிழ்த்தினால் கால் மணிநேரத்தில் வேலை முடியும். வெறும் ஐஸ்கட்டி போதாது. தண்ணீர் இருந்தால்தான் குளிர் போத்தலைச் சுற்றிலும் படியும். ஊற்றும்போது கிளாசில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், ஏனெனில் நம்முடைய வெயிலில் கிளாசுக்குள்ளேயே வைன் மளமளவென்று சூடேறிவிடும்.

வவுனியாக் குளத்தடி:
இவ்வளவு வாளியும் கணக்கும் எதற்கு? கிளாசில் இரண்டு ஐஸ்கட்டி போட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் குடிக்கிறேன், வெட்கப்படவும் இல்லை. ஸ்பெயின் நாட்டவர்கள் கோடையில் சிவப்பு வைனோடு எலுமிச்சைச் சோடாவும் ஐஸும் கலந்து, அதற்குத் 'திந்தோ தே வெரானோ' என்று பெயரும் வைத்துக் குடிக்கிறார்கள். வைன் விளையும் நாட்டுக்காரருக்கு இல்லாத மானம் நமக்கு எதற்கு?

லாச்சப்பல் தம்பிக்கு இதையும் சொல்ல வேண்டும். பாரிஸில் 4, 5 யூரோவுக்கு அன்றாடம் குடிக்கத்தக்க போத்தல் கிடைக்கும். அதே போத்தல் இங்கே இறக்குமதி வரியும் மதுவரியும் ஏறி வந்து சேரும்போது, ஒரு குடும்பம் நாள் பார்த்து வாங்கும் பொருளாகிவிடுகிறது. "நல்ல வைனை வாங்குங்கள்" என்று அங்கிருந்து எழுதுவது மிகச் சுலபம்.

இரணைமடுக்காரன்:
அக்கா, விலையைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஓர் எழுத்துக்கூட மாற்ற மாட்டேன். ஐஸ்கட்டியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. ஐஸ் உருகினால் தண்ணீர். அவ்வளவு வரி கட்டி வாங்கியதற்கு நீங்களே தண்ணீர் ஊற்றுகிறீர்கள். ஸ்பெயின்காரர் சோடா கலந்தால் அது வேறு பானம். நாம் பேசுவது வைனை வைனாகக் குடிப்பதைப் பற்றி.

வவுனியாக் குளத்தடி:
நான் கட்டிய வரிக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன். முன்னர் இங்கே கள்ளைப் பற்றி நடந்த விவாதத் திரியிலும் இப்படித்தான், மற்றவர்கள் எதை எப்படிக் குடிக்க வேண்டும் என்று நீங்களே தீர்ப்பு எழுதினீர்கள். உங்களுக்கும் லாச்சப்பல்காரருக்கும் என்ன வித்தியாசம்? அவர் அறை என்கிறார், நீங்கள் 18 என்கிறீர்கள்.

மாங்குளத்தான்:
கள்ளுத் திரியைக் கிளற வேண்டாம். அதில் எனக்கும் பதில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி என்று இரண்டு பக்கமும் அடித்துக்கொள்கிறவர்கள், 2022 இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டார்கள். நனைத்த சாக்கைப் போத்தலில் சுற்றிக் காற்றுப்படும் திண்ணையில் வையுங்கள். கச்சான் உலர்ந்த காற்று. சாக்கின் ஈரம் ஆவியாகும்போது போத்தலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

இரணைமடுக்காரன்:
நனைத்த சாக்கு 34 ஐ 26 ஆக்கும். 18 ஆக்காது. மாரியில், காற்றே ஈரமாக இருக்கும்போது, அதுவும் நடக்காது. இல்லாததற்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் மின்சாரம் இருக்கும் நாளில் ஏன் சாக்கு?

லாச்சப்பல் தமிழன்:
ஐஸ்கட்டி, சோடா, சாக்கு! நான் எழுதிய ஒரு வரிக்கு இவ்வளவா? நீங்கள் வாங்குவது தக்கை கூட இல்லாத, திருகு மூடி போட்ட போத்தல்கள் என்பதை இரணைமடுக்காரர் சென்ற வாரம் தாமே எழுதியிருந்தார். திருகு மூடி போத்தலுக்கு வெப்பநிலை பார்ப்பது வீண் உழைப்பு. அது எந்தப் பாகையிலும் ஒன்றுதான்.

இரணைமடுக்காரன்:
திருகு மூடியை இழிவாக எழுதுகிறவர் வன்னியில் ஒரு போத்தல் வாங்கிப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து ஏ9 வீதியில் லொறியில் வெயிலோடு வந்து, குளிரூட்டாத கடைத் தட்டில் மாதக்கணக்கில் நின்றபடியே இருக்கும் போத்தலில் தக்கை காய்ந்து சுருங்கும். சூட்டில் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும். கடையில் போத்தலைக் கையில் எடுத்து அதன் வாயைத் தடவிப் பாருங்கள்: தக்கை விளிம்புக்கு மேலே எழும்பியிருந்தாலோ, மேலுறைக்குக் கீழே பிசுபிசுப்பான கறை இருந்தாலோ, திருப்பி வைத்துவிடுங்கள், அந்த வைன் வெந்துவிட்டது. திருகு மூடியில் தக்கை காயும் தொல்லையும் இல்லை, தக்கையிலிருந்து வரும் பூஞ்சண வாடையும் இல்லை. 2000 ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு வைன் உற்பத்தியாளர்கள் பலர் ஒன்றுகூடித் தங்கள் தரமான ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனுக்கே திருகு மூடி போட்டார்கள்.

எதை வாங்குவது என்று கேட்டவர்களுக்காக: லேபலில் ஆண்டைப் பாருங்கள். மலிவு வைன் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடிக்கச் செய்யப்பட்டது, வைத்திருந்தால் உயராது. சிலி நாட்டில் கார்மெனேர் என்ற திராட்சையில் செய்யும் வைன் எனக்குப் பிடித்தது. அதை அந்த நாட்டவரே நெடுங்காலம் மெர்லோ என்ற வேறு திராட்சை என்று நம்பி விற்றார்கள். 1994 இல் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர்தான் கொடியைப் பார்த்து அடையாளம் சொன்னார். போர்தோவிலிருந்து போன கொடி அது. போர்தோவைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர் அதற்காவது மரியாதை கொடுக்கலாம். அதுவும் 18 பாகையில்தான்.

மாங்குளத்தான்:
ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு எது சேரும் என்று முதல் நாளே கேட்டேன். எவரும் பதில் சொல்லவில்லை. இந்த 18 ஐ மட்டும் எல்லோரும் மென்றுகொண்டிருக்கிறீர்கள்.

இரணைமடுக்காரன்:
அதற்கும் விடை இதுவே. உறைப்புக் கறியோடு மதுசாரம் சேர்ந்தால் வாயின் எரிவு கூடும். துவர்ப்பு மிகுந்த வைன் இன்னும் கடுமையாகத் தெரியும். ஆகவே மதுசாரம் 13 வீதத்துக்கு மேல் போகாத, துவர்ப்புக் குறைந்த, பழச்சுவை தூக்கலான வைனை எடுத்து, வழமையைவிட இன்னும் குளிர்வாக, 14 அல்லது 15 பாகையில் குடியுங்கள். மிச்சத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். மேசையில் விட்டால் மறுநாளே புளிக்காடி வாசனை எட்டிப் பார்க்கும்.

வவுனியாக் குளத்தடி:
இப்போது 14 ஆகிவிட்டதா? நான் ஐஸ்கட்டி போட்டால் குற்றம், அவர் 18 ஐ 14 ஆக்கினால் அறிவு.

லாச்சப்பல் தமிழன்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். நிலையான எண்ணே இல்லாதவர் என்னைத் திருத்த வருகிறார். சிவப்பு வைன் அறையில்தான் இருக்க வேண்டும்; என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை.

இரணைமடுக்காரன்:
உறைப்புக் கறிக்கு 14, மற்றதற்கு 18; இரண்டுக்குமே குளிர்சாதனப் பெட்டி வேண்டும். அக்காவின் ஐஸ்கட்டிக்குத் தனியே பதில் எழுதுகிறேன். லாச்சப்பல் தமிழனிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: கிளிநொச்சியில் வைகாசி மாதம், தகரக் கூரையின் கீழ், உங்கள் போர்தோவை எத்தனை பாகையில் ஊற்றுவீர்கள்? அறை என்று எழுத வேண்டாம். எண்ணை எழுதுங்கள்.