பழைய வீடு வாங்குமுன் கழிவுநீர்க் குழாயில் கேமரா ஆய்வு: 11 மீட்டரிலேயே நின்றுவிட்டது, இது போதுமா?

கேட்பவர்: மனைதேடி

வணக்கம். ஏறத்தாழ 50 ஆண்டுப் பழைமையான தனி வீடு ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறோம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. சுவர், கூரை, மின்கம்பி ஆகியவற்றைப் பார்த்த பொறியாளர், மண்ணுக்குள் போகும் கழிவுநீர்க் குழாயைப் பற்றித் தம்மால் எதுவும் சொல்ல இயலாது என்றதால், கேமரா விட்டுப் பார்ப்பவர் ஒருவரைத் தனியே வரவழைத்தோம்.

பின்புறச் சேம்பரிலிருந்து (குழாயைத் திறந்து பார்ப்பதற்கான மூடியுள்ள தொட்டி) கேமரா உள்ளே போனது. முதல் 3 மீட்டர் வார்ப்பிரும்பு, அதற்கப்பால் சுட்டமண் குழாய். இரண்டும் 100 மில்லிமீட்டர் விட்டம். திரையின் மூலையில் மீட்டர் கணக்கு ஓட, அறுபது சென்டிமீட்டருக்கு ஒரு மூட்டு வளையம் வந்து போய்க்கொண்டிருந்தது. 9.6 மீட்டரில் குழாயின் அடியில் நீர் தெரிந்தது. அது மெல்ல ஏறி, 11.2 மீட்டரில் கண்ணாடியே மூழ்கித் திரை முழுவதும் பழுப்பாகிவிட்டது. வந்தவர் சற்றுத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கம்பியை வெளியே இழுத்துக்கொண்டார். "பொதுவாகத் திருப்திகரம், 11 மீட்டருக்கு அப்பால் நீர் காரணமாகப் பார்க்க இயலவில்லை" என்று அறிக்கை வந்திருக்கிறது. தெருவிலுள்ள பொதுக் குழாய் அந்தச் சேம்பரிலிருந்து சுமார் 19 மீட்டர் தொலைவில் இருக்கிறது. தாம் இருந்த இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட அடைத்ததில்லை என்று உரிமையாளர் உறுதியாகச் சொல்கிறார். இந்த அறிக்கையை நம்பி மேலே போகலாமா?

பதில்: சாய்வுமட்டம்

போகக் கூடாது. 19 மீட்டரில் 8 மீட்டரைப் பார்க்காத ஆய்வுக்குத் திருப்திகரம் என்று பெயர் வைக்க முடியாது. அதிலும் பார்க்காமல் விட்ட பகுதிதான் தெருவை ஒட்டிய, வாகன எடை விழுகிற பகுதி. குழாய்ப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீர் நின்ற இடத்தில்தான் ஆய்வே தொடங்க வேண்டும்.

நீர் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அடிமண் இறங்கிக் குழாய் தொய்ந்து அந்தப் பள்ளத்தில் நீர் தங்குவது. மற்றொன்று, கீழே எங்கோ வேரோ உடைசலோ அணைபோல் நின்று நீரைப் பின்னோக்கித் தேக்குவது. முதலாவதில் குழாயே கோணல். இரண்டாவதில் குழாயின் சாய்வு சரியாகவே இருக்கலாம். நீங்கள் கொடுத்த எண்களைப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவில் சாய்வு கொடுப்பது வழக்கம். 9.6 முதல் 11.2 வரையிலான 1.6 மீட்டரில் அந்தச் சாய்வுப்படி குழாய் சுமார் 3 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். கேமராவின் கண் மூழ்குவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நீர் போதும். அதாவது, சாய்வு ஒழுங்காக இருந்து, கீழே அடைப்பு இருந்தாலும் இதே காட்சிதான் கிடைக்கும். குழாய் முழு விட்டத்துக்கும் தேங்கினால் நீர் 5 மீட்டர் பின்னோக்கி எட்டும் என்பதால், அடைப்பு இருக்குமானால் அது 14 அல்லது 15 மீட்டர் அளவில் இருக்க வேண்டும் என்று என் கணக்கு சொல்கிறது. ஆனால் தொய்விலும் தொடக்கத்தில் நீர் இப்படித்தான் ஏறும். ஆகவே கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அந்த இடத்துக்கு அருகில் மரம் உண்டா? வீட்டில் எத்தனை பேர் வசித்தார்கள்?

பதில்: மனைதேடி

மிக்க நன்றி ஐயா. முன்புறச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு பெரிய மரம் இருக்கிறது. கடந்த பல ஆண்டுகளாக முதிய தம்பதியர் இருவர் மட்டுமே வசித்திருக்கிறார்கள்.

பதில்: சாய்வுமட்டம்

அப்படியானால் உரிமையாளர் பொய் சொல்லவில்லை என்றே கொள்ளலாம். இருவர் விடும் நீர் வேர்களின் இடுக்கு வழியே கசிந்து கசிந்து போய்விடும். ஆறு பேர் குடியேறித் துணி துவைக்கும் இயந்திரமும் ஓடத் தொடங்கினால், அதே குழாய் ஒரு மாதத்தில் கீழ்த்தளக் குளியலறையில் கொப்பளிக்கும். சுட்டமண் குழாயின் மூட்டுகளில் பூசிய சிமெண்டு வெடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே கசியும். அதைத் தேடி மயிரிழை போன்ற வேர் நுழைந்து, உள்ளே வந்ததும் துடைப்பம்போல் விரிந்துகொள்ளும்.

இரண்டாம் முறை ஆய்வு செய்யும்போது, முதலில் சுத்தம் செய்யாமலே பொதுக் குழாயின் பக்கமிருந்து மேல்நோக்கிக் கேமரா விட முடியுமா என்று உள்ளாட்சி அமைப்பில் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் அணையின் மறுபுறத்தைப் பார்த்துவிடலாம். கிடைக்காவிட்டால் உயர் அழுத்த நீரைப் பீய்ச்சித் தடத்தைத் திறந்து, கழிப்பறையில் பலமுறை நீர் இறக்கி, ஓட்டம் நின்ற பிறகு கேமராவை விடுங்கள். அப்போதும் அதே இடத்தில் நீர் தங்கியிருந்தால் தொய்வு; வடிந்திருந்தால் அடைப்பு.

பீய்ச்சுவதற்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய குழாய் உடைந்தால் பழி உங்கள் மேல் விழும்.

பதில்: ஏமாந்தவன்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் வீடு வாங்கியபோது கேமராவில் குழாய் கண்ணாடிபோல் இருந்தது. விற்றவர் அதற்கு முந்தைய வாரம் வேரை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார் என்பது எட்டு மாதம் கழித்து, வேர் மீண்டும் வளர்ந்து அடைத்தபோதுதான் தெரிந்தது. கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். வெட்டிய வேரின் வெள்ளை நுனிகள் மூட்டில் வட்டமாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது, ஆனால் அதை அழுக்கு என்று நினைத்துவிட்டேன்.

பதில்: மனைதேடி

இரண்டாம் ஆய்வு முடிந்தது. இம்முறை பழுதுபார்க்கும் வேலையை எடுத்துச் செய்யாத, ஆய்வு மட்டுமே செய்யும் ஒருவரை அமர்த்தினோம். பீய்ச்சியதும் நீர் ஒரே மூச்சில் இறங்கிற்று. சேம்பரில் குனிந்து நின்றவருக்கு அந்த ஓசையே கேட்டதாம். கேமரா பொதுக் குழாய் வரை தடையின்றிப் போனது. 12.3 முதல் 13.1 வரை அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவு நீர் தங்கியிருக்கிறது. 14.1 மீட்டரில் ஒரு மூட்டு விலகி, குழாயின் மேற்புறத்தில் உள்ளங்கை அளவு சில்லு விழுந்து, அதன் வழியே மண்ணும் வேரும் தெரிகின்றன. கேமராத் தலையிலுள்ள அலைபரப்பியைத் தரையிலிருந்து கண்டுபிடித்து அந்த இடத்தில் சுண்ணாம்பால் குறியிட்டார். சுற்றுச்சுவருக்கு உட்புறம், ஆழம் 1.3 மீட்டர். குழாய்க்குள் உறை போட்டால் தோண்டவே வேண்டியதில்லை என்று வேறொருவர் சொல்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: கட்டடக்கணக்கு

உள்ளே பிசின் ஊறிய உறையைச் செலுத்தி இறுகச் செய்யும் முறை நல்ல முறைதான். 1971-ல் லண்டனில் முதலில் செய்யப்பட்டு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் அந்த உறை பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்; தொய்வைச் சரிசெய்யாது, விலகிய மூட்டில் மேடாகவே படியும். உங்கள் பழுது ஓரிடத்தில் இருக்கிறது, ஆழம் குறைவு, மேலே கட்டடமும் இல்லை. எனவே மூட்டு விலகிய இடத்தையொட்டி 2 மீட்டரை மட்டும் தோண்டி மாற்றுவதே சரி. 12.3-ல் உள்ள சிறு தேக்கத்தை நான் பொருட்படுத்த மாட்டேன். குழிக்குள் இறங்கியபின் அதையும் சேர்த்துத் திருத்தக் கைக்கெட்டுமானால் திருத்திக்கொள்ளலாம்.

புதிய பிவிசி துண்டையும் பழைய மண் குழாயையும் சிமெண்டால் ஒட்டவிடாதீர்கள். இரு புறமும் துருப்பிடிக்காத பட்டியுள்ள ரப்பர் இணைப்பி போட வேண்டும். குழாயின் அடியில் மணலைக் கெட்டித்துப் பரப்பாவிட்டால், இன்று சரிசெய்த இடமே நாளை தொய்யும்.

பதில்: மனைதேடி

இருவருக்கும் நன்றி. காணொளியையும் சுண்ணாம்புக் குறியையும் பார்த்த உரிமையாளர், பத்திரப் பதிவுக்கு முன் தம் செலவிலேயே மாற்றித் தர ஒப்புக்கொண்டார். இணைப்பி, மணல் ஆகிய இரண்டையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டோம். குழியை மூடுமுன் மறுபடி கேமரா விட்டால் போதுமா?

பதில்: சாய்வுமட்டம்

மூடிய பின் விடுங்கள். மண்ணைக் கொட்டி இடிக்கும்போதுதான் குழாய் நகரும். மூடி, நீர் விட்டு, ஒரு வாரம் மண் இறங்கிய பிறகு, அதே சேம்பரில் கணக்கைப் பூச்சியத்தில் வைத்துத் தொடங்கி, பொதுக் குழாய் வரை வெட்டில்லாத ஒரே காணொளியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள்.