பெற்றோர், கைக்குழந்தையோடு நயாகரா: எடிசனிலிருந்து எப்படிப் போவது?

கேள்வி:

நியூ ஜெர்சி எடிசனுக்கு நாங்கள் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது. ஜூன் கடைசியில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 69 வயது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. அம்மாவுக்கு 64, ரத்தக் கொதிப்பு மாத்திரை எடுக்கிறார். எங்களுக்கு 5 வயதில் ஒரு மகன், 10 மாதத்தில் ஒரு குழந்தை. ஜூலை 4 விடுமுறையில் நியூயார்க், வாஷிங்டன், நயாகரா மூன்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாமா?

பதில் 1 (எடிசன் பக்கத்திலிருந்து):

மூன்றையும் சேர்க்காதீர்கள். நியூயார்க்கை வீட்டில் இருந்துகொண்டே காலையில் போய் மாலையில் திரும்பலாம். வாஷிங்டன் தெற்கே, நயாகரா வடமேற்கே. இரண்டையும் ஒரே சுற்றில் கட்டினால் பெரியவர்கள் பார்ப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகமாகும். நயாகராவுக்கு மட்டும் நான்கு நாள் ஒதுக்குங்கள்.

தேதியையும் மாற்றுங்கள். கோடையில் நம் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். வந்த முதல் வாரம் முழுக்க அவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள், நள்ளிரவில் விழித்திருப்பார்கள். ஜூலை 4 வாரத்தில் விடுதி வாடகையும் கூட்டமும் உச்சம். பதினைந்து நாள் கழித்து, திங்கள் கிளம்பி வியாழன் திரும்புங்கள்.

ஆறு பேருக்கு மினிவேன்தான் சரி. பெரிய எஸ்யூவியில் முழங்கால் வலிக்காரர் ஏறவே சிரமப்படுவார். உட்காரும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். மரியாதைக்காகப் பெரியவர்கள் இருவரையும் நடு வரிசையில் வைத்துவிட்டு, குழந்தை இருக்கையைக் கடைசி வரிசையில் மாட்டுவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது குனிந்து நுழைந்து பெல்ட் போட வேண்டியிருக்கும். அப்பா முன்னிருக்கையில் இருக்கட்டும், அங்கேதான் காலை நீட்ட இடம் உண்டு. நடு வரிசையில் பின்னோக்கிய குழந்தை இருக்கை, பக்கத்தில் பாட்டி. கடைசி வரிசையில் மகனும் உங்களில் ஒருவரும். மகனுக்கு பூஸ்டர் போன்ற சிறுவர் இருக்கை கட்டாயம், நியூயார்க் மாநிலத்தில் 8 வயது வரை சட்டமே அதுதான். பின்னால் இருக்கும் பெரியவர்களும் அங்கே பெல்ட் போட்டாக வேண்டும். குழந்தை அழுதால் பாட்டி மடியில் எடுக்கத்தான் பார்ப்பார். வண்டி ஓடும்போது எடுக்கக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், நெடுஞ்சாலையில் வைத்து வாக்குவாதம் வேண்டாம்.

வாடகை வண்டியென்றால் அதன் எண்ணை உங்கள் ஈ-இசட்பாஸ் என்ற மின்னணுச் சுங்கக் கணக்கில் அந்த நான்கு நாளுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் த்ரூவே என்ற சுங்க நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது, கேமராதான் எண்ணைப் படிக்கும். கணக்கில் சேர்க்காவிட்டால் சுங்கத்தோடு வாடகை நிறுவனத்தின் கட்டணமும் தலையில் விழும்.

பதில் 2 (ரோசெஸ்டரிலிருந்து):

நேராகப் போனால் சுமார் 400 மைல். வண்டி ஓட்டும் நேரமே ஆறரை, ஏழு மணி. இரண்டு மணிக்கொரு முறை நிறுத்துவது குழந்தைக்கும் அவசியம், வீங்கும் கால்களுக்கும் அவசியம். அப்படி நிறுத்தினால் ஒன்பது மணிக்குக் குறையாது. ஒரே நாளில் போகாதீர்கள்.

முதல் இரவு கார்னிங் என்ற ஊரில் தங்குங்கள். எடிசனிலிருந்து ஸ்க்ராண்டன், பிங்ஹாம்டன் வழியாக ஏறக்குறைய நான்கு மணி. அங்குள்ள கண்ணாடி அருங்காட்சியகம் பெரியவர்களுக்கென்றே அமைந்தது போல இருக்கும். எல்லாத் தளமும் சக்கர நாற்காலி போகக்கூடியது. உருகிய கண்ணாடியை ஊதிப் பாத்திரமாக்குவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பலோமார் தொலைநோக்கிக்காக 1934இல் முதலில் வார்த்து, பழுதாகிப்போன 200 அங்குலக் கண்ணாடி வட்டும் அங்கேதான் நிற்கிறது. 17 வயது வரை கட்டணம் இல்லை. அருகில் வாட்கின்ஸ் க்ளென் என்று பலரும் சொல்வார்கள். அழகான பள்ளத்தாக்குதான், ஆனால் 800க்கு மேல் கற்படிகள், அதுவும் ஈரத்தில். உங்கள் அப்பாவுக்கு வேண்டாம்.

மறுநாள் ஐ-390 நெடுஞ்சாலை வழியாக வந்தால் ரோசெஸ்டருக்குச் சற்று முன்பு ரஷ் என்ற சிற்றூர். அங்கே ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பீடம் இருக்கிறது. பெண்களும் பூஜை செய்யும், ஸ்ரீவித்யை என்ற அம்பிகை வழிபாட்டு மரபுக் கோயில். அம்மாவுக்கு மனம் நிறையும். நடை திறக்கும் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நயாகரா ஒன்றரை மணி.

சாப்பாடு: மூன்று கப் அரிசி வேகும் சிறிய ரைஸ் குக்கர், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, நெய். இவ்வளவும் இருந்தால் இரவுச் சாப்பாடு பிரச்சினை இல்லை, சிற்றூர்களில் சமையற்கட்டு சீக்கிரமே மூடிவிடும். சமையலறை உள்ள அறையாகவே இருந்தாலும் தாளிக்காதீர்கள், கடுகு வெடிக்கும் புகைக்கே தீ அலாரம் அலறும். வழிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. தயிர்சாதம் ஐஸ் பெட்டியில் இருந்தால் மட்டும். ஜூலை வெயிலில் வண்டியில் ஒரு மணி நேரம் கிடந்தாலே அதைக் கொட்டிவிட வேண்டும்.

விடுதியில் இரண்டு அறை கேட்கும்போது ‘கனெக்டிங்’ என்று கேளுங்கள், நடுவில் கதவு இருக்கும். ‘அட்ஜாயினிங்’ என்றால் பக்கத்துப் பக்கத்து அறை மட்டுமே. அதைவிட முக்கியம் குளியலறை. தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் குளிப்பதில்தான் வழுக்கி விழுகிறார்கள். தரையோடு தரையாக ஷவர் உள்ள அறையைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள், ஒரு ரப்பர் விரிப்பும் எடுத்துப் போங்கள்.

பதில் 3 (பஃபலோவிலிருந்து):

அருவிப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் காசு. வண்டியை கோட் தீவில் நிறுத்துங்கள். அங்கிருந்து ஹார்ஸ்ஷூ அருவியின் விளிம்பான டெராப்பின் முனைக்குக் கொஞ்சத் தூரம்தான். அங்கே காலையில் போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருப்பதால் எதிரே எழும் சாரலில் வானவில் தெரியும். பூங்காவுக்குள் டிராலி ஓடுகிறது, முடிந்தவரை அதிலேயே சுற்றுங்கள்.

முதலில் பகலில் காட்டுங்கள், இரவில் அருவிமேல் பாய்ச்சும் வண்ண விளக்கைப் பார்க்க மறுபடி வாருங்கள். அமெரிக்காவும் கனடாவும் செய்த 1950 ஒப்பந்தப்படி கோடையில் காலை 8 முதல் இரவு 10 வரை நொடிக்குக் குறைந்தது ஒரு லட்சம் கன அடி அருவியில் விழ வேண்டும். மற்ற நேரம் பாதி போதும், மிச்சத்தை மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்வார்கள். அதிகாலையிலும் பின்னிரவிலும் போனால் அருவி இளைத்துத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

‘மெய்ட் ஆஃப் தி மிஸ்ட்’ படகு எல்லோருக்கும் ஏற்றது. லிஃப்டில் இறங்கலாம், சவாரி சுமார் இருபது நிமிடம். அப்பா கீழ்த்தளத்திலேயே நிற்கட்டும், மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும். கைப்பிடி உள்ள ஓரம் கிடைக்கும்படி வரிசையில் முன்னால் நில்லுங்கள். குழந்தையின் தள்ளுவண்டியை மடித்துத்தான் ஏற்ற முடியும் என்பதால் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள், முகத்தில் சாரல் அடிக்காமல் உட்பக்கம் பார்த்தபடி. அம்மா புடவையில் வருவதானால் அன்று மட்டும் சுடிதார் உடுத்தச் சொல்லுங்கள். நீல மழையங்கி முழங்காலோடு நின்றுவிடும், நனைந்த புடவை காலைப் பின்னும். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ள பிடிப்பான காலணி வேண்டும். ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் தேவை.

அருவியின் அடிவாரத்துக்கு நடந்து போகும் ‘கேவ் ஆஃப் தி விண்ட்ஸ்’ வேறு வகை. லிஃப்டில் இறங்கிய பிறகும் ஈர மரப்படிகள் நிறைய. தாத்தா மேலேயே இருக்கட்டும். அதன் உச்சித் தளமான ஹரிக்கேன் டெக்கில் 42 அங்குல உயரம் இல்லாத பிள்ளைகளை விடுவதில்லை. 5 வயதுப் பையன் சரியாக அந்த எல்லையில் இருப்பான். வீட்டுச் சுவரிலேயே அளந்துவிடுங்கள், அங்கே போய் ஏமாந்து அழ வேண்டாம்.

மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ எடுத்துப் போங்கள். ‘எனக்கு எதற்கு?’ என்று அப்பா சொல்லத்தான் செய்வார். வற்புறுத்தாமல் பையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள், கால் மணி நேரத்தில் அவரே உட்கார்வார்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. கனடா பக்கம்தான் அழகு என்கிறார்கள். அமெரிக்க விசா இருந்தால் நடந்தே போய் வரலாமா?

பதில் 4 (எடிசன் பக்கத்திலிருந்து):

முடியாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு, அமெரிக்க விசா இருந்தாலும், கனடாவின் வருகையாளர் விசா தனியாக வேண்டும். நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தால் உங்களுக்கும் அதேதான். கைரேகை கொடுக்க வேண்டியிருப்பதால் அவர்கள் ஊரில் இருக்கும்போதே விண்ணப்பிப்பது சுலபம். கனடாவுக்குப் போய்த் திரும்பினால் இங்கே தங்கும் ஆறு மாதம் புதிதாகத் தொடங்கும் என்று நம்பாதீர்கள், ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதிதான் கணக்கு. விசா இல்லையென்றால் வண்டி ஓட்டுபவர் கனடாவுக்குப் போகும் ரெயின்போ பாலத்துக்குப் பிரியும் தடத்தில் கவனமாக இருக்க வேண்டும். பெற்றோரின் அசல் கடவுச்சீட்டும் ஐ-94 அச்சும் கையில் இருக்கட்டும், எல்லைப் பகுதி அது.

பதில் 5 (செவிலியர், நியூ ஜெர்சி):

இன்சுலினை டிக்கியில் வைக்கவே கூடாது, நிறுத்திய வண்டியிலும் விடக் கூடாது. காப்புப் பையில், ஐஸ் கட்டி நேராகப் படாமல், ஒரு துணி சுற்றி, உங்களோடு இறங்க வேண்டும். உறைந்த இன்சுலினும் வீண், சூடேறிய இன்சுலினும் வீண். வரிசையில் நிற்கையில் சாப்பாடு தள்ளிப்போவதுதான் ஆபத்து. ஊசி போட்டபின் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வைக்காதீர்கள். குளுக்கோஸ் மாத்திரையோ ஒரு சிறு ஜூஸ் டப்பாவோ அப்பாவின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்று பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், கேட்டால் தாகமில்லை என்பார்கள். அதனால்தான் தலைசுற்றலும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. அம்மாவின் ரத்தக் கொதிப்பு மாத்திரையில் சிறுநீர் பெருக்கும் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயண நாளில் எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள், தாங்களாக நிறுத்தக் கூடாது. கழிப்பறையில் தண்ணீர் வசதி இருக்காது. அழுத்தினால் பீய்ச்சும் சிறு பிளாஸ்டிக் குப்பி ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள், பாதி தயக்கம் அதிலேயே தீரும்.

வருகையாளர் காப்பீட்டில் ‘அக்யூட் ஆன்செட்’ என்ற வரியை வாசியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் மட்டுமே அது பேசும், வழக்கமான சர்க்கரைப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணம் தராது. ஆகவே தங்கும் காலம் முழுமைக்குமான மருந்தோடு கூடுதலாக ஒரு மாதத்துக்கும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டோடு, ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையின் படம் நான்கு பெரியவர்களின் தொலைபேசியிலும் இருக்கட்டும்.