தமிழ்மொழி மூல வகுப்பறைக்குப் பயன்படும் இணைய வளங்கள் எவை?

விஞ்ஞான ஆசிரியை, தீவகம்:

வணக்கம். நான் தரம் 8, 9 மாணவர்களுக்குத் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வகுப்பறையில் ஒரு புரொஜெக்டரும் எனது மடிக்கணினியும் மட்டுமே உள்ளன. இணைய இணைப்பு எனது கைத்தொலைபேசி வழியாகவே கிடைக்கிறது. அதுவும் பாடத்தின் நடுவில் அறுந்துவிடுகிறது. ஆசிரியர்களுக்கான தளங்கள் என்று வட்ஸ்அப் குழுக்களில் வரும் நீண்ட பட்டியல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி உண்டு என்ற எடுகோளில் அமைந்தவை. எமது பாடத்திட்டத்துக்குப் பொருந்துவனவும், முதல் நாளே தரவிறக்கி வைத்துக்கொண்டு மறுநாள் இணையமின்றிக் காட்டக்கூடியனவுமான வளங்களை, பயன்படுத்திப் பார்த்த ஆசிரியர்கள் அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும்.

பௌதிகவியல் ஆசிரியர், வலிகாமம்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் எம் நாட்டுத் தளங்களையே பாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களும், தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளும் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ மும்மொழிகளிலும் தரவாரியாகப் பாடங்களைத் தருகிறது. பாடநூலில் உள்ள ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கித் திரையில் காட்டினாலே, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் அதன் பகுதிகளைத் தெளிவாகக் காண முடியும்.

அடுத்து, நீங்கள் கேட்டதற்கு மிக நெருக்கமாக அமைவது ‘பெட்’ (PhET) என்னும் தளம். பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய முயற்சி இது. இதிலுள்ள புதிய பாவனையாக்கங்கள் (திரையிலேயே மாற்றிச் செய்து பார்க்கும் பரிசோதனைகள்) ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகத் தரவிறக்கி, இணையமின்றியே உலாவியில் திறக்கலாம். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஓமின் விதியைக் கற்பிக்கும்போது நான் தடையின் பெறுமானத்தை உடனே மாற்றிக் காட்டுவதில்லை. மாற்றினால் மின்னோட்டம் கூடுமா, குறையுமா என்பதை ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதிய பின்னரே மாற்றுகிறேன். எழுதி வைத்த பிள்ளை விடையை எதிர்பார்த்துத் திரையைப் பார்க்கிறது; எழுதாத பிள்ளைக்கு அது வெறும் படக்காட்சியாகவே முடிந்துவிடுகிறது.

எனினும் உண்மையான மின்கலத்தையும் குமிழையும் கைவிட வேண்டாம். பெட்டில் மின்கலத்தின் அகத்தடை (அதன் உள்ளேயே உள்ள தடை) தொடக்கத்தில் பூச்சியமாக இருக்கும். ஆகையால் குமிழ்களைச் சமாந்தரமாகக் கூட்டிக்கொண்டே போனாலும் வெளிச்சம் மங்குவதில்லை. மேசையில் செய்து பார்க்கும்போதோ மங்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று கேட்பதே ஒரு நல்ல பாடமாகும்.

தமிழ்நாட்டு யூரியூப் காணொளிகள் பல மிகத் தரமானவை. ஆயினும் நாம் அமுக்கம் என்பதை அவர்கள் அழுத்தம் என்பர். எமது பாடநூலிலோ அழுத்தம் என்பது மின்னழுத்தத்தைக் குறிக்கும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளைகள் தடுமாறக்கூடும் என்பதால், காணொளியைத் தொடங்குமுன் இத்தகைய சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

கணித ஆசிரியர், வடமராட்சி:

ஜியோஜீப்ராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இச்செயலியைக் கைத்தொலைபேசியில் ஒருமுறை நிறுவினால், அதன் பின்னர் வரைபுகளை வரைவதற்கு இணையம் தேவைப்படாது. இருபடிச் சார்பில் குணகத்தை மாற்ற மாற்ற வளையி விரிந்தும் சுருங்கியும் கவிழ்ந்தும் அசைவதைப் பிள்ளைகள் கண்ணால் காண்கிறார்கள். கரும்பலகையில் நான் எத்தனை வரைபுகள் வரைந்தாலும் இந்த அசைவைக் காட்ட முடியாது.

வரலாறு ஆசிரியை, நல்லூர்:

விஞ்ஞானத்துக்கு நேரடியாக உதவாவிட்டாலும், உங்கள் பாடசாலையின் தமிழ், வரலாறு ஆசிரியர்களுக்கு நூலகம் எண்ணிம நூலகத்தைக் கட்டாயம் அறிமுகப்படுத்துங்கள். 2005 முதல் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், மலர்கள் என்பவற்றைத் தன்னார்வலர்களின் உழைப்பால் சேர்த்து, எவரும் இலவசமாக வாசிக்க அது வழங்கிவருகிறது. 1981இல் எரிந்துபோன யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிக் கற்பிக்கும் நாளில், பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்றைத் திறந்து மாணவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர், தென்மராட்சி:

இணையம் அறுந்துபோகும் இடங்களுக்காகவே உருவானவை கிவிக்ஸ் (Kiwix), கோலிப்ரி (Kolibri) ஆகிய இரண்டு செயலிகளும். கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகத் தரவிறக்கி மடிக்கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வைத்துக்கொள்ளலாம். கோலிப்ரியை உங்கள் மடிக்கணினியில் நிறுவி, பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்தால், வைஃபை வழியாக ஏனைய கணினிகள் அதிலிருந்தே அவற்றைப் பெறும். வெளி இணைப்பு எதுவும் வேண்டியதில்லை. தமிழிலான பாடங்கள் அதில் ஆங்கிலத்தைவிடக் குறைவு என்பதால், எனது தெரிவு முதலில் கிவிக்ஸ்தான்.

இன்னொரு வேண்டுகோள். எமது பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அவற்றை அப்படியே கூகுள் படிவத்தில் ஒட்டினால், மாணவரின் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே தோன்றும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளைக் கொண்டு யுனிகோடுக்கு மாற்றி, மாற்றிய பின் ஒவ்வொரு வினாவையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சூத்திரங்களும் அலகுகளும் ஆங்கில எழுத்தில் இருப்பதால் அவைதான் பெரும்பாலும் சிதைகின்றன.