மறுமொழி: ‘ஸ்ராட் வருகுதில்லை’ – சுழலாமையா, மூளாமையா?

எல்லாருக்கும் வணக்கம்.

வாகனக் கோளாறுகளுக்குத் தமிழ்க் கலைச்சொற்பட்டியல் வரைகிற எங்கள் குழுவில் தம்பி ஒருவர் கேட்டது தன் பழைய ஹைலக்ஸ் பிக்கப் பற்றி. ‘2எல்’ வகை டீசல் எஞ்சின், காலையில் ஸ்ராட் வருகுதில்லை. இந்தக் கோளாறுக்கு என்ன சொல் போடுவது என்று வாதம் வந்தது; வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக மேற்கோள் காட்டிப் பதில் எழுதுகிறேன். நாங்கள் சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, அவருடைய வெங்காயம் சுன்னாகம் சந்தைக்குப் போகாமல் முற்றத்தில் கிடக்கிறது. அதனால் வண்டியையும் சொல்லையும் ஒன்றாகவே பார்ப்போம்.

> ‘தொடங்காமை’ என்று ஒரு சொல் போதுமே. ஏன் இரண்டு?

கராச்சுக்கு ஃபோன் எடுத்து “ஸ்ராட் வருகுதில்லை” என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் முதற் கேள்வி “செல்ஃப் அடிக்குதோ?”, அதாவது ஸ்ராட்டர் மோட்டர் எஞ்சினைச் சுற்றுகிறதா, என்பதாகத்தான் இருக்கும். அடிக்கவில்லை என்றால் அவர் பற்றறி, கேபிள், ஸ்ராட்டர் மோட்டர் என்று யோசிப்பார். அடிக்குது என்றால் டீசல், ஹீற்றர் பிளக் (எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்குவது), கொம்பிரஷன் (உள்ளே வளி நெருக்கப்படுவது) பக்கம் போவார். எடுத்து வரும் சாமான்கூட வேறு வேறு. ஆங்கிலக் கைநூல்களும் இதை இரண்டு கோளாறாகத்தான் பிரித்து வைத்திருக்கின்றன. ‘தொடங்காமை’ என்று எழுதினால் மெக்கானிக் முதல் நிமிடத்தில் பிரித்ததை நாங்கள் திரும்ப ஒட்டிவிடுகிறோம். எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் ‘சுழலாமை’, சுற்றியும் தீப்பிடிக்கவில்லை என்றால் ‘மூளாமை’. இதுதான் என் முன்மொழிவு.

முதலில் சுழலாமை. திறப்பைத் திருப்பும்போது ஹெட்லைட்டைப் போட்டு வைத்துப் பார்க்கவேண்டும். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பற்றறி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகளில் தொடுப்புச் சரியில்லை. வெளிச்சம் குறையவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் மின் ஸ்ராட்டர் வரைக்கும் போகவில்லை; திறப்புச் சுவிட்ச், ரிலே, சொலனொயிட்டுக்கு (ஸ்ராட்டருக்கு மின்னை விடும் காந்தச் சுவிட்ச்) போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டால் சந்தேகம் சொலனொயிட்டின் செப்புத் தொடுகைகள் மீதும் தடித்த கேபிள்கள் மீதும் விழும். மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்கச் சும்மா நின்ற நல்ல பற்றறி 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்றக் கதை பிறகு.

> ஏர்த் என்பதற்குப் ‘புவித்தொடுப்பு’ பாடநூலிலேயே இருக்கிறதே?

இருக்கிறது. வீட்டு மின்சுற்றுக்கு அது பொருத்தமான சொல். அங்கே கம்பி உண்மையாகவே நிலத்துக்குள் போகிறது. பிக்கப்போ நான்கு ரப்பர் ரயரில் நிற்கிறது. அதன் ‘ஏர்த்’ பற்றறியின் மறைமுனையிலிருந்து (நெகற்றிவ்) எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் போய் முடிகிற தடித்த கேபிள். இந்தச் சந்தியில்தான் யாழ்ப்பாணத்து வாகனங்கள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன என்பது என் எண்ணம். குருநகரிலோ மயிலிட்டியிலோ மீன் ஏற்றி ஓடின பிக்கப்பின் அடியைக் குனிந்து பாருங்கள். பெட்டிகளிலிருந்து உப்புத் தண்ணி வடிந்து வடிந்து கேபிள் முனை பச்சை பூத்திருக்கும். வெளியே உறை நல்லாயிருக்கும், உள்ளே செம்பு பொடியாகியிருக்கும். லைட் எரியும், ஹோர்ன் அடிக்கும், ஸ்ராட்டர் மட்டும் சுற்றாது. காரணம் எளிய கணக்கு: லைட்டுக்குச் சில அம்பியர் போதும், டீசல் எஞ்சினைச் சுற்றும் ஸ்ராட்டருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். 200 அம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடைகூட 2 வோல்ட்டைத் தின்றுவிடும்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மறைமுனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த நேரம் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளைக் கழற்றிச் சுரண்டவேண்டும், அல்லது மாற்றவேண்டும். சோதனைக்குப் பாடநூல் வழியிலேயே ‘அழுத்த வீழ்ச்சிச் சோதனை’ என்று பெயர் வைக்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஏர்த்துக்கு மட்டும் ‘சட்டகத் தொடுப்பு’ என்று வைப்போம். என்.வி.கியூ. (தேசியத் தொழிற்றகைமை) வாகனத் தொழினுட்பம் தமிழில் படிக்கிற பிள்ளை ‘புவித்தொடுப்பைச் சரிபார்க்க’ என்று வாசித்தால் நிலத்தில் கம்பி தேடாதா?

இனி மூளாமை. சண்டை வந்த இடம் இது.

> மூளுதல் என்றால் போர் மூண்டது என்றுதான் எங்கட சனத்துக்குக் கேட்கும். வேண்டாம்.

அண்ணை சொல்வது விளங்குகிறது. ஆனால் போருக்கு அந்தச் சொல் தீயிலிருந்துதானே போனது? அடுப்பை மூட்டுகிறோம், தீ மூள்கிறது. செய்வதற்கு ‘மூட்டு’, தானே நிகழ்வதற்கு ‘மூள்’. டீசல் எஞ்சினுக்கு இந்தத் தன்வினை அச்சொட்டாகப் பொருந்துகிறது. பொறி கொடுக்க அங்கே பிளக் கிடையாது. முசலம் (பிஸ்டன்) வளியை, அதாவது காற்றை, இருபது மடங்குக்கு மேல் நெருக்கிச் சூடாக்குகிறது, அதற்குள் டீசல் தூறலாக விழுகிறது, தானாக மூள்கிறது. சென்னை நண்பர் தந்த ‘பற்றாமை’யும் பொருள் தருகிற சொல்தான், ஆனால் ‘டீசல் பற்றாமை’ என்று எழுதினால் டீசல் போதவில்லை என்றே பாதிப் பேர் வாசிப்பார்கள். ‘எரியூட்டல்’ என்றால் இங்கே சுடலைதான் நினைவுக்கு வரும். அதைவிடப் போர் பரவாயில்லை.

இன்னொன்று. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, அதை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறினபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றறியும் தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. தள்ளிச் சுற்றினாலும் ஹாண்டில் போட்டுச் சுற்றினாலும், மூட்ட அந்தச் சொட்டுப் பெற்றோல் இல்லாவிட்டால் கார் கிளம்பாது. சுழல்வது வேறு, மூள்வது வேறு என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

தம்பியின் வண்டியில் செல்ஃப் நன்றாக அடிக்கிறது என்று இரண்டாம் மடலில் எழுதியிருக்கிறார். ஆகவே அவருடையது மூளாமை. இங்கே மீற்றரைவிடப் புகை அதிகம் சொல்லும். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஈர விறகு மாதிரிப் புகைகிறதே தவிர மூளவில்லை. அப்போது ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள். இந்த வகை எஞ்சினில் எரிதல் ஒரு சிறு சுழியறையில் தொடங்குவதால், எங்கள் ஊர்ச் சூட்டிலும் காலையில் ஹீற்றர் வேண்டும். இணைப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் தடையை அளந்தால் நல்லது ஏறத்தாழ 1 ஓம் அல்லது அதற்குக் குறைவாகக் காட்டும். முடிவிலி காட்டினால் அது அறுந்துவிட்டது. நான்கும் நல்லதென்றால் அவற்றுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மின்னும் வந்து, பிளக்கும் சரி, புகையும் வெள்ளை என்றால் கொம்பிரஷன் பார்க்கவேண்டியதுதான். அது கையைக் கடிக்கும்.

புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. திறப்பை ‘ஓன்’ நிலைக்குக் கொண்டுவரும்போது பம்பில் உள்ள எரிபொருள் வெட்டும் சொலனொயிட் மெல்ல ‘டிக்’ என்னவேண்டும். அது சரியென்றால் வளி புகுந்திருக்கும். ராங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் இரவு முழுக்க வளி நுழைந்து டீசல் ராங்குக்கே திரும்பி இறங்கிவிடும். பகலில் நல்லாய் ஓடுகிற வண்டி காலையில் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் இதுவும் பெரிய சந்தேகம்தான். பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமத்திவிட்டு ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். உடனே பிடித்தால் குழாயை மாற்றுங்கள்.

> குளோ பிளக் – ‘ஒளிர்செருகி’

வேண்டாம். அது ஒளிர்வதால் யாருக்கும் பயனில்லை, சூடாக்குவதால்தான் பயன். இங்கே கராச்சில் ஹீற்றர் பிளக் என்கிறவர்கள் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘முன்சூடாக்கி’ என்று போடலாம். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் ‘எயார் எடுக்கிறது’ என்பதற்கு ‘வளியகற்றல்’. தமிழ்நாட்டுச் சொற்பட்டியல்கள் சிலவற்றில் வளி என்பது வாயுவைக் குறிக்கும் என்று முன்பும் இங்கே விவாதம் வந்தது. இலங்கைப் பாடநூலில் வளி காற்றுத்தான், நாங்கள் அதையே எழுதுவோம்.

> கராச்சில் யார் ‘மூளாமை’ என்று சொல்லப்போகினம்?

யாரும் சொல்லவேண்டாம். ‘செல்ஃப் அடிக்குது, ஸ்ராட் வருகுதில்லை’ என்பது நல்ல தமிழ். அதைத் திருத்த எனக்கு உரித்துமில்லை, ஆசையுமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பிக்கச் சொற்கள் ஆக்கியது, நோயாளி தன் வருத்தத்தைச் சொல்லும் முறையை மாற்றுவதற்கல்ல, மாணவனுக்காக. எங்களுடைய பட்டியலும் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் பாடநூல் எழுதுகிறவருக்கும்தான். பேச்சுவழக்கை இன்னொரு நிரலில் அப்படியே போடுவோம்.

மறுப்பு இல்லாவிட்டால் சுழலாமை, மூளாமை, சட்டகத் தொடுப்பு, முன்சூடாக்கி, வளியகற்றல் ஐந்தையும் வரைவில் ஏற்றுகிறேன். சொலனொயிட் இப்போதைக்குச் சொலனொயிட்டாகவே இருக்கட்டும். ‘வரிச்சுருள்’ என்பது அதன் பாதியைத்தான் சொல்கிறது, உள்ளே ஓடுகிற ஊசியைச் சொல்லவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

தம்பி, நாளைக்குக் காலமை கைப்பம்பைத் தொடாமல் முதலில் ஒருக்கால் செல்ஃப் அடித்து, சைலன்சரில் புகை வருகுதோ எண்டு மட்டும் பார்த்து எழுதும். பத்து செக்கனுக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதையும், ஸ்ராட்டர் சூடாகிவிடும்.